அக்கா வீட்டுப் பின்கட்டுக்கு எந்த மூங்கில்?

போன மாதம் அக்கா சிங்கப்பூரின் செம்பவாங் பக்கம் ஒரு மூலைத் தரைவீட்டுக்குக் குடிபோனாள். பால் காய்ச்சி முடித்த கையோடு என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்வீட்டு மாடி ஜன்னல் இரண்டும் நேரே இவள் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்க்கின்றன. "துணி காயப்போடவே ஒரு மாதிரியா இருக்குடா. மூங்கில் வச்சா மறைச்சிடும்ல? எந்த மூங்கில்னு நீ சொல்லு, வாங்கிடலாம்."

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் சனி, ஞாயிறுகளில் மண்வெட்டி பிடிப்பவன், அவ்வளவுதான். ஆனால் மூங்கிலிடம் அடிபட்ட அனுபவம் எங்கள் குடும்பத்தில் பெரியப்பாவுக்கு அடுத்து எனக்குத்தான் அதிகம். அக்காவுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தரைவீடு வைத்திருப்பவர்களுக்கும், தோட்டக் குழுவில் "ஒரு மூங்கில் வைப்போமே" என்று யாராவது கிளப்பிவிட்டிருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் அளவு. அக்கா வீட்டுச் சமையல்கட்டுச் சுவருக்கும் பின்மதிலுக்கும் நடுவே 2 மீட்டர். அதிலும் ஓர் ஓரத்தில் வடிகால் ஓடுகிறது. மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் 4 மீட்டருக்கு மேல் அகலமான புல்தரை உண்டு. இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் வாங்கப் போகிறவர்கள் பலர் கழியின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் இடத்தை யோசிக்கிறார்கள்.

சிங்கப்பூரில் மூங்கில் வளருமா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பனியும் இல்லை, நீண்ட வறட்சிக்காலமும் இல்லை. சதுப்புநிலக் காட்டுக்கும் வலசை வரும் பறவைகளுக்கும் பேர்போன சுங்கை பூலோவின் பெயரிலேயே மூங்கில்தான் இருக்கிறது. 'பூலோ' என்றால் மலாயில் மூங்கில். இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. வளர்ந்தபின் எதை நம் கையால் வெட்டிச் சமாளிக்க முடியும்?

"வேர் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு டைல்ஸை உடைச்சிடாதா?" என்று அத்தான் கேட்டார். நல்ல கேள்வி. பதில் நம் கல்யாண வாழ்த்திலேயே இருக்கிறது: ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழ்க. வாழ்த்தியவர்கள் செடியைப் பார்த்துத்தான் வாழ்த்தியிருக்கிறார்கள். அறுகு ஓடும், மூங்கில் கூடி நிற்கும். ஆனால் சீனா, ஜப்பான் போன்ற குளிர் தெரிந்த நாடுகளில் அறுகுபோல் வேரோடும் மூங்கில் வகைகளும் உண்டு. அவற்றின் கிழங்கு மண்ணுக்கடியில் கிடைமட்டமாக மீட்டர் கணக்கில் போய் எங்கோ ஓரிடத்தில் முளைக்கும். வெளிநாட்டுக் காணொளிகளில் தார்ச்சாலையைப் பிளந்துகொண்டு வருவதாகக் காட்டுவது அந்த இனம். வெப்பநாட்டு மூங்கில்கள் பெரும்பாலும் தூர் கட்டுபவை. கிழங்கு குட்டையாக, தடியாக இருக்கும். பக்கத்திலேயே நிமிர்ந்து அடுத்த கழியாகிவிடும். ஆகவே தூர் ஓடாது. ஆனால் பெருக்கும். சாண் சாணாக வெளிப்பக்கம் பருத்துக்கொண்டே வரும். மதிலையும் வடிகாலையும் ஒட்டி நட்டால் ஓடுகிற மூங்கில் செய்வதை இது பொறுமையாகச் செய்துவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டால் பாதித் தலைவலி குறையும். மூங்கில் மரமில்லை, புல். குருத்து மண்ணைப் பிளந்து வரும்போதே அதன் பருமன் முடிவாகிவிடுகிறது. மரம்போல ஆண்டுக்கு ஆண்டு தடிக்காது. இரண்டு, மூன்று மாதத்தில், பெரிய இனமானால் இன்னும் கொஞ்சம் கூடுதலான நாளில், முழு உயரத்தையும் தொட்டுவிடும். அதன்பின் உயரவும் உயராது. உள்ளுக்குள் முற்ற மட்டும் மூன்று ஆண்டு எடுத்துக்கொள்ளும். நுனியை ஒருமுறை வெட்டிய கழி மறுபடி உயராது, பக்கக் கிளைதான் விடும். வேலிக்கு இது வசதி. ஆனால் ஒவ்வொரு புதுக் குருத்துக்கும் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டும். மழை ஓயாத ஊரில் குருத்தும் ஓயாது.

பெரியப்பாவின் மஞ்சள் மூங்கில்

சிங்கப்பூரில் அதிகம் கண்ணில் படுவது இதுதான்: மஞ்சள் கழி, அதில் தூரிகையால் இழுத்ததுபோல் பச்சைக் கோடுகள். பம்பூசா வல்காரிஸ் என்பது அறிவியல் பெயர். தந்தத்தின் நிறத்தை வைத்து மலாய்க்காரர்கள் ஆவுர் காடிங் என்பார்கள். 10 முதல் 20 மீட்டர் வரை போகும். கழி 4 முதல் 10 சென்டிமீட்டர் பருமன். சாயங்கால வெயில் படும்போது இதன் அழகை வேறு எந்த மூங்கிலோடும் ஒப்பிட முடியாது. அக்காவின் மனமும் இதில்தான் இருந்தது.

எங்கள் பெரியப்பா சிராங்கூன் கார்டன்ஸ் வீட்டில் இதை நடவே இல்லை. பாகற்கொடிக்கு ஊன்றுகோலாக நண்பர் வீட்டிலிருந்து பச்சைக்கழி ஒன்றை வெட்டிவந்து மண்ணில் குத்தினார். பாகல் காய்த்து ஓய்ந்தது; ஊன்றுகோல் துளிர்த்தது. பெரியம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி, "வீட்டுக்கு நல்ல சகுனம்" என்று மஞ்சள்நீர்கூடத் தெளித்தார். இந்த இனம் போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. வேலிக்கு அடித்த குச்சிகள் தோப்பானதெல்லாம் இதன் வரலாற்றில் சகஜம். பூப்பதும் அபூர்வம், பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. மனிதன் வெட்டி வெட்டி நட்டே உலகம் சுற்றிய மூங்கில் இது.

ஆறேழு வருடத்தில் கழிகள் என் முழங்கைப் பருமனைத் தாண்டிவிட்டன. தூரும் இறுக்கமாக நிற்காது. ஒரு கழிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு, கைகால் நீட்டி உட்கார்ந்திருப்பவர்போல இடத்தை எடுத்துக்கொள்ளும். நுனி வேறு வளைந்து தொங்கும். ஒருநாள் விடியற்காலை சுமத்ராக் காற்று, அதாவது சுமத்ரா பக்கமிருந்து மழையோடு வரும் சூறைக்காற்று, அடித்ததே ஒரு அடி, இரண்டு கழிகள் பக்கத்து வீட்டுக் கார் நிறுத்தும் கூரைமேல் போய்ச் சாய்ந்தன. பக்கத்து வீட்டுச் சீனத்து அங்கிள் சத்தம் போடவில்லை. கூரையைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தபோதுதான் உண்மையான செலவு தெரிந்தது. கழியை ரம்பத்தால் அறுப்பது ஒரு பொழுது வேலை. கிழங்கைத் தோண்டி எடுக்க இரண்டு ஆட்களுக்கு மூன்று நாள் ஆனது. வடிகாலின் ஓரம் விரிந்து ஏற்கெனவே வெடித்திருந்தது. வெட்டியதை வீட்டிலேயே கொளுத்தவும் முடியாது, இந்த ஊரில் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை. லாரி வைத்து அள்ளினோம். அந்தக் கழிகளை வாசல்வரை இழுத்த கூலியில்லா ஆள் நான்தான். நல்ல கழியாகப் பத்தை எடுத்துப் பந்தலுக்கு வைத்துக்கொண்டேன். சில மாதத்தில் ஒவ்வொன்றின் காலடியிலும் மாவு கொட்டிக் கிடந்தது. இதில் மாவுச்சத்து அதிகம், துளைவண்டுக்கு விருந்து. வெட்டிய மூங்கிலை வாரக்கணக்கில் நீரில் ஊறப்போட்டு மாவுச்சத்தை வெளியேற்றும் பழைய வழக்கம் ஏன் வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆகவே மஞ்சள் மூங்கிலுக்கு என் தீர்ப்பு: பூங்காவில் போய்ப் பாருங்கள். நான்கு பக்கமும் மூன்று மீட்டர் காலியாக விட முடிந்தவர்கள் நடலாம். அக்காவின் 4 மீட்டர் பக்கத்தரையும் அதற்குப் போதாது.

லெமாங்கும் பெத்தோங்கும்

அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மக்சிக் (வயதில் மூத்த மலாய் அம்மா) இருக்கிறார். மூங்கில் பேச்சு காதில் விழுந்ததும் மதிலோரம் வந்து நின்றுகொண்டார். "வைக்கிறதுதான் வைக்கிறே, லெமாங் மூங்கில் வையேன். ஹரி ராயாப் பெருநாளுக்கு எனக்கு நாலு கழி கொடு, உனக்கு ரெண்டு குழாய் லெமாங் தர்றேன்." வியாபாரம் நியாயமாகத்தான் பட்டது.

ஷைசோஸ்டாக்கியம் பிராக்கிகிளாடம் என்ற இந்த மூங்கில், மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் வீட்டோரங்களில் நிற்பது. பூலோ லெமாங் என்றாலே தெரியும். 10 முதல் 15 மீட்டர் உயரம், கணுவுக்குக் கணு நீளமான, நேரான கழி. ஆனால் சுவர் மெல்லியது, சில மில்லிமீட்டர்தான். அதுதான் இதன் சிறப்பே. லெமாங் என்ற சோற்றைச் செய்ய, இளம்பச்சைக் கழியைக் கணுவோடு துண்டாக்கி, உள்ளே வாழைக்குருத்து இலையைச் சுருட்டிச் செருகி, ஊறவைத்த புளுட் அரிசியை (ஒட்டும் அரிசி) போட்டு, உப்புக் கலந்த தேங்காய்ப்பால் ஊற்றி, கனல் பக்கத்தில் சாய்த்துவைத்துத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். மெல்லிய சுவர் என்பதால் சூடு உள்ளே சீராக இறங்கும். பச்சைக்கழியின் ஈரம் எரியவிடாது. மணிக்கணக்கில் நின்று திருப்ப வேண்டும். நம் பாட்டிமார் மூங்கில் குழலில் புட்டு அவித்ததற்கு இது தூரத்துச் சொந்தம் என்று எனக்குத் தோன்றும். அங்கே ஆவி, இங்கே அனல்.

வேலி என்று பார்த்தால் இதற்கு இரண்டு குறை. இலைக்கொத்து மேற்பாதியில்தான் இருக்கும், கீழ்ப்பாதி வெறும் கழி. மாடி ஜன்னலை மறைக்கும். மதிலுக்கு அப்பால் நிற்பவரை மறைக்காது. மற்றது சுனை. குருத்தைப் போர்த்தியிருக்கும் பாளைமேல் பொடிப்பொடியாக மயிர் இருக்கும், கையில் ஏறினால் ராத்திரிவரை அரிக்கும். பாளை புல்தரையில் விழுந்தால் குழந்தைகள் எடுத்து விளையாடும். அக்கா வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான். இருந்தாலும் லெமாங் வேகவைக்கும் வீடானால், பக்கத்தரை இருந்தால், இதை நான் தடுக்க மாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுவதற்குக் காரணம் இருக்கும் மூங்கில் ஒருநாளும் காடாகாது. நான் பார்த்தவரை, மூங்கில் தொல்லையாவது பெரும்பாலும் யாருக்கும் அதன் கழி தேவைப்படாத வீடுகளில்தான்.

பெத்தோங் என்ற ராட்சத மூங்கிலைப் பற்றி நீட்ட வேண்டாம். டெண்ட்ரோகலாமஸ் ஆஸ்பர், 20 முதல் 30 மீட்டர், கழி 8 முதல் 20 சென்டிமீட்டர். பத்து மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் உயரம். கட்டுமானத்துக்கும் அறைகலனுக்கும் முதல்தரம். குருத்து தென்கிழக்காசியாவிலேயே பேர்போனது. தாய்லாந்தில் குருத்துக்காகவே தோட்டம் போடுகிறார்கள். மலாய்ச் சமையலில் ரெபோங் லெமாக் என்ற தேங்காய்ப்பால் குழம்பில் மிதப்பது இந்த மாதிரிக் குருத்துதான். எந்த மூங்கில் குருத்தானாலும் பச்சையாகத் தின்னக் கூடாது. உள்ளே சயனைடு வெளியிடும் பொருள் இருக்கிறது. நறுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி நன்றாக வேகவைத்தால் போய்விடும். ஈரச்சந்தையில் வேகவைத்த குருத்தே கிடைக்கும்போது, அதற்காக வீட்டுக்குப் பின்னால் பத்து மாடியை எழுப்ப வேண்டுமா? எங்கள் சமூகத் தோட்டத்தில் ஒருவர் இதைத்தான் ஆசைப்பட்டார். கழி மேலே விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டதும் வெண்டைக்காய்க்குத் திரும்பிவிட்டார்.

அத்தானுக்கு ஊர் ஆசை. "நம்ம பக்கத்து முள்மூங்கில், இல்லேன்னா கல்மூங்கில்?" என்றார். கல்மூங்கில் உள்ளே ஏறக்குறைய கெட்டி, லத்திக்கம்பு செய்வது அதில்தான். முள்மூங்கிலின் அடிக்கிளை முழுக்க வளைந்த முள். யானைக்கு வேலி போடலாம், அக்காளுக்கு வேண்டாம். ஊரிலிருந்து விதையோ கிழங்கோ பையில் போட்டுக்கொண்டு வருவதும் கூடாது. செடி இறக்குமதிக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

தாய் மூங்கில்

இப்போது எனக்குப் பிடித்ததுக்கு வருகிறேன், எனவே கொஞ்சம் பாரபட்சம் இருக்கும்.

தைர்சோஸ்டாக்கிஸ் சயாமென்சிஸ். பெயரிலேயே சயாம். தாய்லாந்து, மியன்மார் பக்கத்துப் பருவமழைக் காட்டுச் செடி. பௌத்த மடங்களைச் சுற்றி நடுவதால் மடாலய மூங்கில் என்றும் பெயர். தாய்மொழியில் பாய் ருவாக். 7 முதல் 13 மீட்டர் வளரும், கழி அதிகம் போனால் 6, 7 சென்டிமீட்டர். அடிப்பக்கம் ஏறக்குறையக் கெட்டியாக இருக்கும். குடைக்காம்பு, தூண்டிற்கழி, மண்வெட்டிப்பிடி என்று காம்பு தேவைப்படும் இடத்திலெல்லாம் இதைப் பயன்படுத்துகிறார்கள். காகிதக்கூழுக்கும் போகிறது.

இதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பாளை. பல மூங்கில்களில் கழி முற்றும்போது பாளை கழன்று விழும். இதில் கழியோடு ஒட்டிக்கொண்டு வைக்கோல் நிறத்தில் காய்ந்துபோய் அங்கேயே இருக்கும். தரையில் குப்பை குறைவு. சிலருக்கு அது அழுக்காகத் தெரிகிறது, "கழியைச் சுத்தம் செய்யலையா?" என்று கேட்பார்கள். எனக்கு அது கோரைப்பாய் சுற்றிய தூண்மாதிரி அழகாகத்தான் படுகிறது.

முக்கியமானது, இது நிமிர்ந்து நிற்கும். தூர் அவ்வளவு இறுக்கம், கழிகளுக்கு நடுவே கை நுழைவதே சிரமம். கிளை மேற்பகுதியில்தான் என்றாலும் கீழே கழிகளே நெருங்கி நின்று கம்புவேலி ஆகிவிடும். மேலே இலை மெல்லியது, நெருக்கமானது; மாடி ஜன்னலை மறைக்கும், வெளிச்சத்தை அடியோடு மறைக்காது. காற்றுக்கு மொத்தத் தூரும் ஒன்றாக அசையும், ஒற்றைக்கழி தனியே போய் அடுத்தவர் கூரையில் படுக்காது. வறண்ட மாதங்கள் தெரிந்த மண்ணிலிருந்து வந்தது என்பதால் நீர் தேங்கும் இடம் பிடிக்காது. சிங்கப்பூர்க் களிமண்ணில் கொஞ்சம் மேடு கட்டி நட்டுவிட்டால் போதும்.

இறுக்கம்தான் இதன் குறையும். உள்ளே காய்ந்துபோன கழியை எடுப்பது பெரும்பாடு. முதல் ஐந்து வருடம் கவனிக்காமல் விட்டுவிட்டால் நடுத்தூர் முழுக்கச் சருகும் காய்ந்த குச்சியுமாக அடைந்துவிடும், பிறகு எந்த ரம்பமும் நுழையாது. எனவே ஆண்டுதோறும் வெட்ட வேண்டும், அதுவும் முறையாக. மூங்கில் வெட்டும் சீனர்களிடம் ஒரு சொலவடை உண்டு: தாத்தாவும் பேரனும் ஒன்றாக நிற்கக் கூடாது, தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கூடாது. பேரன் பிறந்ததும் தாத்தாவை எடு, தாயை விட்டுவை என்று கணக்கு. புதுக்குருத்துக்குச் சோறு ஊட்டுவது ஒன்றிரண்டு வயதுக் கழிகள்தாம். அவற்றை வெட்டினால் அடுத்த குருத்து மெலிந்துவிடும். வயது பார்ப்பது கடினமில்லை. இளசு வெண்பொடி பூசியதுபோல் இருக்கும். கிழட்டுக்கழியில் பாசித்திட்டு ஏறியிருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும்.

பூக்கும் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பல மூங்கில் இனங்கள் பல பத்தாண்டுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்துச் செத்துப்போகும். "மூங்கில் பூத்தால் பஞ்சம்" என்று பயந்தது இதனால்தான். விதை தின்னப் பெருகும் எலி அடுத்து வயலுக்குள் போகும். தாய் மூங்கிலும் கூட்டமாகப் பூக்கக் கூடியது. ஒரே தூரிலிருந்து பிரித்த கன்றுகள் எல்லாவற்றுக்கும் ஒரே வயதுதான், ஒன்று பூத்தால் மற்றவையும் பூக்கும். எப்போது என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. நான் இதை நடுவதற்குத் தடையாக நினைக்கவில்லை. தெரிந்துவைத்திருந்தால் அன்றைக்கு மனம் உடையாது.

அக்கா இன்னொரு பயனைக் கண்டுபிடித்தாள். "சின்னவளுக்குக் கல்யாணம் வந்தா பந்தக்காலுக்குத் தேக்கா சந்தைக்குப் போக வேணாம்." நேரான, கெட்டியான, கைக்கு அடங்கும் கழி. அவள் சொன்னது சரிதான்.

2 மீட்டருக்கு ஒரே பதில்

பக்கத்தரைக்குத் தாய் மூங்கில் சரி. பின்கட்டு 2 மீட்டருக்கு? அங்கே பேச்சுக்கே இடமில்லை. பம்பூசா மல்டிபிளெக்ஸ் ஒன்றுதான் பொருந்தும். தெற்குச் சீனப் பக்கத்துச் செடி, வேலி மூங்கில் என்றே உலகம் முழுக்கப் பெயர். விட்டால் 3 முதல் 7 மீட்டர், கழி விரல் பருமன்தான், அதிகம் போனால் இரண்டரை சென்டிமீட்டர். மற்றவற்றைப்போல் இல்லாமல் அடியிலிருந்து நுனிவரை இலை விடும். இலை மறைவு வேண்டும் என்றால் கேட்க வேண்டியது இதைத்தான். பெரணிபோல் இலை அடுக்கிய ரகம் ஒன்று. அல்போன்ஸ் கார் என்ற ரகத்தின் கழி மஞ்சள், அதில் பச்சைக் கோடு. மஞ்சள் மூங்கில் ஆசையை அக்கா இதில் தீர்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன்.

இதன் பெரிய குணம் கையடக்கம். ரம்பம் வேண்டாம், ரோஜாச்செடி வெட்டும் கத்தரிக்கோல் போதும். ஆள் வைக்க வேண்டாம், அக்காவே ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்துவிடலாம். வெட்டியதும் கறுப்புப் பையில் அடங்கும். குறை என்றால், நுனி வில்போல் வெளியே வளையும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்காவிட்டால் துணிக்கொடியில் வந்து உரசும். மாவுப்பூச்சியும் எறும்பும் கூட்டுச் சேர்ந்து வரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

வீவக வீட்டில் இருப்பவர்கள் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தொட்டியில் வைக்கக்கூடியது இந்த ஒன்றுதான், அதிலும் குட்டை ரகம். தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும், மறக்காதீர்கள். கடையில் தண்ணீர்க் குப்பியில் சுருட்டிச் சிவப்பு ரிப்பன் கட்டி விற்கும் 'லக்கி பாம்பூ' மூங்கிலே இல்லை, டிராசினா என்ற வேறு குடும்பத்துச் செடி. அதிர்ஷ்டம் வருமா என்பது அதை விற்றவருக்குத்தான் தெரியும்.

கொசு

எந்த மூங்கிலைத் தேர்ந்தாலும் இந்த ஊரில் இதைத் தவிர்க்க முடியாது. வெட்டிய மூங்கில் கட்டை ஒரு கோப்பை. கணுவுக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டினால் அதில் மழைநீர் நிற்கும், ஏடிஸ் கொசு முட்டை வைக்கும். பழைய வீவக வீடுகளில் துணிக்கழி செருகும் குழாய்களை மூடிவைக்கச் சொல்லித் தேசியச் சுற்றுப்புற வாரியம் எத்தனை முறை அறிவித்திருக்கிறது! அதே சங்கதிதான். எனவே எப்போதும் கணுவை ஒட்டி, கணுவுக்குச் சற்றே மேலே வெட்டுங்கள். கணுவில் குறுக்குத் தடுப்பு இருக்கும், நீர் தேங்க இடமிராது. முன்னால் யாரோ தவறாக வெட்டிவிட்டுப் போன கட்டையில் மண்ணை நிரப்பி அடைத்துவிடலாம். சருகும் அப்படியே. மூங்கில் இலையில் சிலிக்கா அதிகம், சீக்கிரம் மட்காது; வடிகாலில் விழுந்தால் அடைக்கும், அடைத்தால் கொசு. தூரடியில் பரப்பினால் அதுவே நல்ல மூடாக்கு. பெரியப்பா வீட்டில் இந்த இரண்டையும் நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

கடைசியில் அக்கா முடிவு செய்தது இப்படி: பின்கட்டுக்கு வேலி மூங்கில் ஆறு கன்று, மதிலிலிருந்து அரை மீட்டர் உள்ளே, கன்றுக்குக் கன்று ஒரு மீட்டர், வடிகால் இல்லாத ஓரத்தில். பக்கத்தரைக்குத் தாய் மூங்கில் ஒரே ஒரு தூர், மதிலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. நான் இரண்டு தூர் கேட்டேன், அவள் ஒன்றுதான் என்றாள். பெரியப்பாவின் பக்கத்து வீட்டுக் கூரையை அவளும் பார்த்தவள்தானே. கன்று தேர்ந்தெடுக்க தாம்சன் ரோடு நர்சரிகளுக்குப் போனோம். உயரமான கன்றை அவள் எடுத்தாள்; நான் தொட்டியில் புதுக்குருத்து தெரிந்த குட்டைக் கன்றை எடுத்து மாற்றினேன். நட்டபின் அந்தப் பழைய கழி உயரப்போவதில்லை, அடுத்து வருகிற குருத்துதான் வேலி.

சனிக்கிழமை நடுகிறோம். அத்தான் கடப்பாரை வாங்கி வைத்திருக்கிறார். மக்சிக்குக்கு லெமாங் மூங்கில் இல்லை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அந்த வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.